சித்தூர் அருகே முடிந்த படையெடுப்பு

கேள்வி: ஹைதர் அலி எங்கள் சித்தூர்ப் பக்கம்தான் இறந்தாராமே? பிரெஞ்சுக்காரர்கள் துணையிருந்தும் அவரால் ஏன் மதராஸைப் பிடிக்க முடியவில்லை?

பதில்: உண்மைதான். 1782 டிசம்பர் 7 அன்று, சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டை முகாமில் முதுகில் வந்த ராஜபிளவையால் இறந்தார். மலபாரிலிருந்து மகன் திப்பு வந்து சேரும்வரை செய்தி வெளியே கசியவில்லை.

மதராஸ் கைக்கு வராததற்குக் காரணம், துணைகள் நிலைக்காததுதான். ஆங்கிலேயருக்கு எதிரான கூட்டணி ஏட்டளவில் பிரமாதம்: ஹைதரின் மைசூர், மராட்டியர், நிஜாம், பிறகு பிரான்ஸ். ஆனால் 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையைச் சிதறடித்தது மைசூர் மட்டும்தான். குண்டூரைத் தருவதாகச் சொல்லி நிஜாமை ஆங்கிலேயர் விலக்கினார்கள். மராட்டியர் 1782இல் சால்பாயில் ஆங்கிலேயரோடு சமாதானமானார்கள். இடையே, 1781இல், பரங்கிப்பேட்டையிலும் சோளிங்கரிலும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் ஹைதரை முறியடித்தார்.

பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள், தாமதமாக! கடலூர் அவர்களிடம் விழுந்தது, கடற்படைத் தளபதி சஃப்ரான் திருகோணமலையைப் பிடித்தார். தரைப்படைத் தளபதி தூஷ்மேனோ, மேல்தளபதி புஸ்ஸி வரட்டும் என்று பெரிய போரைத் தவிர்த்தார். ஹைதர் உயிர் பிரிந்தபோது சஃப்ரானின் கப்பல்கள் சுமத்ராவில் நின்றன. புஸ்ஸி கரையிறங்கியது 1783 மார்ச்சில். சில மாதங்களில் ஐரோப்பாவில் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் சமாதானம் என்ற செய்தி வர, பிரெஞ்சுப் படை போரிலிருந்து ஒதுங்கிக்கொண்டது. மங்களூர் முற்றுகையில் இருந்த திப்பு தனித்து நின்றார்.