அடி அண்ணாமலை அடுக்ககத்தில் வெந்நீர்: எதை வாங்கலாம்?

தீபம் முடிந்து மார்கழி பிறந்தால் கிரிவலப் பாதை வீடுகளில் வெந்நீர் வேண்டும். பங்குனிக்குள் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே சுடத் தொடங்கிவிடும். கருவிக்கு முழு வேலை சில மாதங்கள்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இப்போது எல்லோரும் விசாரிப்பது ஹீட் பம்ப். ஃபிரிட்ஜ் உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளுவதுபோல, இது வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. நம் ஊர்க் காற்று குளிர்காலத்திலும் வெதுவெதுப்பானது என்பதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு கிடைக்கும். கெய்சரில் ஒன்றுக்கு ஒன்றுதான்.

ஆனாலும் முதலில் வாளியை எண்ணுங்கள். 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40க்கு ஏற்ற சுமார் 0.35 யூனிட் ஆகும். நாலு பேர் ஆளுக்கு ஒரு வாளி குளித்தால் 1.4 யூனிட். ஹீட் பம்ப் வைத்தால் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்கூட மிச்சமாகாது. இரண்டு மாத பில்லில் 60 யூனிட்டுக்குள்தான். கெய்சரைவிடப் பல மடங்கு விலை கொடுத்து இதற்காக வாங்குவது வீண். இப்படிப்பட்ட குடும்பத்துக்கு நட்சத்திரக் குறியீடு கூடிய சின்ன கெய்சரே போதும். வாடகைக்கு இருப்பவருக்கும் அதுவே நல்லது, வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

யாத்ரீகர்களுக்கு அறை விடும் வீடு என்றால் கணக்கே வேறு. பத்துப் பேர் ஷவரில் ஆளுக்கு 50 லிட்டர் செலவழித்தால் கெய்சருக்கு 8 யூனிட்டுக்கு மேல் போகும், ஹீட் பம்புக்குச் சுமார் மூன்று. அங்கே தயங்காமல் வாங்குங்கள்.

சோலாரை நான் மேல்தள வீட்டுக்கு மட்டுமே சொல்வேன். மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. கீழ்த்தளத்துக்குக் குழாயில் வெந்நீர் வருமுன் பச்சைத் தண்ணீர் வீணாகும். மலை கிழக்கே நிற்பதால் மார்கழிக் காலை வெயிலும் இங்கே தாமதமாகத்தான் விழும். கேஸ் கெய்சர் மட்டும் காற்றோட்டமில்லாத குளியலறையில் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.

ஹீட் பம்ப்தான் என்று முடிவானால் இடத்தைப் பாருங்கள். நூறு லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே நூறு கிலோ. தடுப்புச் சுவரில் மாட்டக் கூடாது. திறந்த பால்கனி வேண்டும். கம்ப்ரசர் சத்தம் அடுத்த வீட்டுப் படுக்கையறைப் பக்கம் போகக் கூடாது. போர் தண்ணீர் உப்பு என்றால், தொட்டிக்குள் இருந்து அதைத் துருவிலிருந்து காக்கும் ஆனோடு கம்பியை ஆண்டுதோறும் சோதிக்க ஆள் வருவாரா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள்.