மக்காச்சோள அறுவடையும் பழைய இயந்திரங்களும்

தருமபுரி மாவட்டத்து மானாவாரி நிலங்களிலே கேழ்வரகும் சோளமும் சாமையும் நெடுங்காலமாக விளைந்து வருகின்றன. அவற்றோடு இன்று மக்காச்சோளமும் இடம் பெற்றுள்ளது. அண்டையிலுள்ள நாமக்கல் வட்டாரத்துக் கோழிப் பண்ணைகளுக்கு இத்தானியமே முதன்மையான தீவனம். ஆதலின், விளைந்த பொருளுக்கு வாங்குவோர் உண்டு. ஆயினும் நன்றாக விளைந்த கதிர் களத்திலே கெடுமாயின் உழவரின் உழைப்பெல்லாம் வீணாகும். ஆடிப்பட்டத்தில் விதைத்த பயிர் நூறு நாட்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் முற்றுகிறது. அது வடகிழக்குப் பருவமழையின் காலம். எனவே குறுகிய வெயில் நாட்களுக்குள் வேலையை முடித்தல் வேண்டும். அப்போது ஊரில் ஏற்கனவே உள்ள பழைய கதிரடிக்கும் இயந்திரமே பலருக்கும் கைகொடுக்கிறது. அதனை எவ்வாறு பயன்படுத்துவது என்பதை இங்கே ஆராய்வோம்.

முற்றிய கதிரை அறிதல்

கதிரை மூடிய உறை பச்சை நிறம் மாறிக் காய்ந்து வெளுத்திருத்தல் முதல் அடையாளம். ஒரு மணியைப் பெயர்த்து அதன் அடிப்புறத்தைப் பார்த்தால் கரும்புள்ளி தென்பட வேண்டும். அப்புள்ளி தோன்றியபின் மணிக்குள் சத்து மேலும் சேர்வதில்லை. ஆனால் அப்போதும் மணியில் நூற்றுக்கு 30 பங்கிற்குக் குறையாமல் ஈரம் இருக்கக்கூடும். இந்நிலையில் இயந்திரத்தில் இட்டால் மணிகள் நசுங்கும். கதிரை ஒடித்து, உறை நீக்கி, களத்தில் பரப்பிக் காயவைத்து, ஈரம் 15 முதல் 20 பங்கிற்குள் வந்தபின் உதிர்ப்பதே முறை.

கதிரைக் கையால் ஒடிப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. நின்ற தட்டை சிதையாமல் மாட்டுத் தீவனத்திற்குக் கிடைக்கும். கறவை மாடுகளை நம்பியிருக்கும் சிறு குடியானவர்கள் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நலம்.

இயந்திரத்தின் வேகம்

பழைய இயந்திரங்களுள் பல, வேறு தானியங்களுக்கென அமைந்தவை. அவற்றின் உருளை மக்காச்சோளத்திற்கு வேண்டியதைவிட விரைவாகச் சுழலும். வேகம் மிகுந்தால் மணி உடையும். குறைந்தால் சக்கையிலேயே மணி தங்கிவிடும். வேகத்தைக் கணக்கிடுவது எளிது. எஞ்சினின் சுற்றுகளை எஞ்சின் கப்பியின் விட்டத்தால் பெருக்கி, உருளைக் கப்பியின் விட்டத்தால் வகுக்க வேண்டும். எஞ்சின் நிமிடத்திற்கு 1,500 சுற்றுகள் சுற்றுகிறது, அதன் கப்பி 15 சென்டிமீட்டர், உருளையின் கப்பி 45 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். உருளை 500 முறை சுழலும். உருளையில் 50 சென்டிமீட்டர் கப்பியைப் பொருத்தினால் அது 450 ஆகக் குறையும். பெல்ட் வழுக்குமாயின் இன்னும் சற்றுக் குறையும்.

முதலில் ஒரு கூடைக் கதிரை மட்டும் இட்டுப் பாருங்கள். வெளிவந்த தானியத்தில் நூறு மணிகளை எண்ணி, உடைந்தவை எத்தனை என்று பாருங்கள். உடைசல் மிகுதியாயின் வேகத்தைக் குறைக்கவும், அல்லது கதிரை மேலும் ஒரு நாள் காயவிடவும். சக்கையில் மணி ஒட்டியிருந்தால் உருளைக்கும் சல்லடைக்கும் உள்ள இடைவெளியைச் சிறிது குறைக்கவும்.

இழப்பைக் கணக்கிடல்

வயலில் சிந்தும் மணிகள் கண்ணுக்கு அற்பமாகத் தோன்றும். ஆயிரம் மணிகள் 250 கிராம் எடை எனக் கொண்டால், ஒரு சதுர மீட்டரில் 10 மணிகள் கிடப்பது ஏக்கருக்குப் பத்துக் கிலோ இழப்பாகும். 2025-26ஆம் ஆண்டுக்கு மைய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அக்கணக்கில் இழப்பு 240 ரூபாய். குனிந்து எண்ணிப் பார்க்கும் ஐந்து நிமிடத்திற்கு இது நல்ல கூலியன்றோ?

உலர்த்தலும் சேமிப்பும்

சேமிக்கும் தானியத்தில் ஈரம் 12 பங்கிற்கு மேற்படலாகாது. உடைந்த மணியிலும் ஈரமான மணியிலும் பூஞ்சணம் எளிதிற் பற்றும். அதனால் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு, 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வான்கோழிகள் பெருந்தொகையாக மாண்டதை ஆராய்ந்தபோது வெளிப்பட்டது. கோழித் தீவனம் வாங்குவோர் பூஞ்சணம் கண்ட தானியத்தை ஒதுக்குவதன் காரணம் இதுவே.

ஈரமானி இல்லாத இடத்தில் ஓர் எளிய சோதனை உண்டு. உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு தானியமிட்டு, நன்கு காய்ந்த உப்பு இரண்டு மூன்று கரண்டி சேர்த்து ஒரு நிமிடம் குலுக்கிக் கால் மணி நேரம் வைக்கவும். உப்பு புட்டியின் உட்புறத்தில் ஒட்டினால் ஈரம் 15 பங்கிற்கு மேல் என்று அறிக. ஒட்டாவிடினும் மேலும் சில நாள் காயவைத்த பின்னரே மூட்டை கட்டுக. நூறு கிலோ தானியம் 20 பங்கு ஈரத்திலிருந்து 12 பங்கிற்குக் காயும்போது ஏறக்குறைய 91 கிலோவாகும். குறைந்த ஒன்பது கிலோவும் வெறும் நீரே.

உயிர்க் காப்பு

அனைத்திலும் முதன்மையானது இதுவே. பழைய இயந்திரங்கள் பலவற்றில் கதிர் இடும் தட்டு குட்டையாகவும் திறந்தும் இருக்கும். கதிரோடு கையும் உள்ளே இழுக்கப்படுதல் அதனாலேயே நேர்கிறது. தட்டு 90 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளமும், அதில் உருளைப் பக்கமாக 45 சென்டிமீட்டர் மூடியும் உடையதாக இருத்தல் வேண்டும். உள்ளூர்ப் பட்டறையில் ஒரே நாளில் இதனைச் செய்துகொள்ளலாம். பெல்ட்டுக்கும் கப்பிக்கும் கம்பிவலைக் காப்பு இடுக. தொங்கும் துண்டு, தளர்ந்த சேலை முந்தானை, வளையல் ஆகியவற்றோடு அருகில் நிற்கலாகாது. சிறுவர்களை அண்டவிடலாகாது. அடைப்பு நேர்ந்தால் எஞ்சினை நிறுத்தி, உருளை ஓய்ந்த பின்னரே கை வைக்கலாம். இத்தகைய விபத்துகளைக் கண்டே 1983ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றி, விசைக் கதிரடிப்பு இயந்திரத்தை அதனுள் அடக்கியது.

ஊராட்சியின் கடமை

புரட்டாசி பிறக்குமுன் ஊரிலுள்ள ஒவ்வொரு கதிரடிக்கும் இயந்திரத்தையும் ஊராட்சி உறுப்பினர்கள் நேரிற் கண்டு, தட்டும் காப்பும் சீராக உள்ளனவா என்று பார்ப்பார்களாக. எவருடைய களத்திற்கு எந்நாள் என்று முறை வகுத்தால், மழை கண்டு அஞ்சி இரவில் அவசரமாக இயந்திரத்தை ஓட்ட வேண்டிய நிலை வாராது. பழுது மிகுந்த இயந்திரத்தை ஒதுக்கிவிட்டு, வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரத்தை நாடுவதே அறிவுடைமை.

பழைய இயந்திரமாயினும் செம்மையாக வைத்தால் பயன் தரும். கூலி மிச்சம் என்று எண்ணி ஒரு கையை இழந்தால், அவ்விழப்பை எந்த விளைச்சலாலும் ஈடுசெய்ய இயலாது. இவ்வாண்டு அறுவடை நம் ஊர்களில் ஒருவருக்கும் ஊறின்றி முடிய ஊராட்சிகளும் உழவர்களும் ஒன்றுகூடி முயல்வார்களாக.