பவர் பாங்க் பழுதுறுதலை அறியும் வகை

விழா மலருக்குத் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுந்தால் இலக்கியக் கட்டுரையொன்றையே அன்பர்கள் எதிர்பார்ப்பர். யான் எழுத முற்பட்டதோ, இந்நாளிற் பெரும்பாலார் பையிலே கிடக்கும் பவர் பாங்க் என்னுஞ் சிறு கருவியைப் பற்றியதாகும். என் வீட்டில் நிகழ்ந்ததொன்றே இதற்குக் காரணம்.

2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை நம்மவர் எவரும் மறந்திரார். அக்காலத்தில் வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர், தாம் சில ஆண்டு பயன்படுத்திய பவர் பாங்க் ஒன்றை எமக்கு அனுப்பிவைத்தார். கைத்தொலைபேசிக்கும் படிப்பு விளக்குக்கும் அதுவே துணையாயிற்று. மின்வெட்டு ஓய்ந்த பின்னரும், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் மருமகன் அதனைத் தலையணைக்கருகே வைத்தே உறங்குவான். ஒருநாள் அவன், "மாமா, இது மேசையிலை ஆடுது" என்றான். எடுத்துப் பார்த்தேன். தட்டையாயிருந்த அதன் வயிறு பருத்து, ஓரத்துப் பொருத்து நகம் நுழையுமளவுக்கு விரிந்திருந்தது. எத்தனை இரவுகள் அது பிள்ளையின் தலைமாட்டிற் கிடந்ததோ என்றெண்ணியபோது நெஞ்சு திடுக்குற்றது.

அக்கருவியின் உள்ளிருப்பது இலிதியம் அயன் மின்கலம். இவ்வகைக் கலத்தை 1991 இற் சோனி நிறுவனத்தார் முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்தனர். இதன் ஆக்கத்துக்காகக் குடினஃப், விற்றிங்காம், யோசினோ என்னும் மூவர் 2019 இல் இரசாயனவியல் நோபெல் பரிசு பெற்றனர். கலத்தினுள்ளே இரு மின்வாய்களையும் பிரித்து நிற்பது மெல்லியதோர் ஏடு. அதனை நனைத்து நிற்பது எரியுந் தன்மையுள்ள திரவம். நாட்செல்லச் செல்ல இத்திரவஞ் சிதைந்து வாயுவை வெளிவிடும். போக வழியின்மையால் உறை வீங்கும். பிரித்து நிற்கும் ஏடு பழுதுற்று இரு வாய்களுந் தொடுமாயின் குறுஞ்சுற்று உண்டாகி வெப்பம் எழும். அவ்வெப்பமே சிதைவை மேலும் விரைவுபடுத்தத் தீ மூளும்.

இது வெறும் அச்சுறுத்தலன்று. 2025 சனவரி 28 ஆம் நாள், தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்திற் புறப்பட ஆயத்தமாய் நின்ற எயார் பூசான் விமானமொன்று எரிந்தது. உள்ளிருந்த 176 பேரும் உயிர் தப்பினர். தலைக்கு மேலுள்ள பொதித்தட்டிற் கிடந்த பவர் பாங்கின் உட்காப்புச் சிதைந்தமை காரணமாகலாம் என ஆய்வாளர் தெரிவித்தனர்.

கட்டுச்சோறு ஊசினால் மணத்தாலும் கையாலும் அறிகின்றோம். இம்மின் கட்டுச்சோற்றையும் அவ்வாறே அறியலாம். குறிகளுள் தலையாயது வீக்கம். சமதளமான மேசையில் வைத்து விரலாற் சுழற்றுக. நல்லது உடனே நின்றுவிடும். வீங்கியது பம்பரம்போலச் சுழலும். சுழன்றால் அன்றே அதனை விலக்குதல் வேண்டும். நகப்பூச்சை நீக்குந் திரவம் போன்ற இனித்த மணம் கமழ்ந்தாலும் அவ்வாறே.

வெப்பத்தைப் பகுத்தறிதல் வேண்டும். மின்னேற்றும்போது இளஞ்சூடு இயல்பு. கைபொறாத சூடும், ஒன்றுஞ் செருகாதிருக்கையிற் காணுஞ் சூடும் பழுதின் குறிகள். நம் ஊர் நாற்புறமுங் கடல் சூழ்ந்ததாதலின் இன்னொன்றையுங் கருதுக. சோளகம் வீசும் மாதங்களில் உப்பு ஈரம் செருகுவாயிற் படிந்து பச்சை பூக்கும். அப்போது வாயிலிடம் மட்டுஞ் சுடும். மின் விட்டுவிட்டு ஏறும். வேறு வடத்தைச் செருகிப் பார்த்தால் குற்றம் வடத்ததா, வாயினதா என்பது புலனாகும். நெடுந்தீவுப் படகில் உப்புநீரில் நனைந்ததையோ, வெயிலில் உலர்த்திவிட்டு மீண்டும் பயன்படுத்தலாகாது.

ஆற்றல் குறைதலைப் பற்றியே பலர் மயங்குகின்றனர். 10000 மில்லியம்பியர் மணி எனப் பொறித்ததைக் கொண்டு 5000 உடைய தொலைபேசியை இருமுறை நிரப்ப இயலவில்லையே எனக் கடைக்காரரோடு வழக்காடுவோரைக் கண்டிருக்கிறேன். பொறித்த எண் உள்ளேயுள்ள 3.7 வோல்ற்றுக் கலத்துக்குரியது. அஃதாவது 37 வாற்று மணி. அது 5 வோல்ற்றாக உயர்த்தப்படும்போதும், தொலைபேசியினுட் புகும்போதும் ஒரு பங்கு வெப்பமாய்க் கழியும். ஆகவே ஏறக்குறைய ஒன்றரை முறை நிரப்பினால் அது நல்ல கருவியே. புதிதாய் வாங்கியவுடன் எத்தனை முறை நிரப்புகின்றதென எண்ணி, தாள் துண்டிலெழுதி அதன் முதுகில் ஒட்டிவிடுக. ஈராண்டு கழித்து மீண்டும் எண்ணுக. மெல்லக் குறைந்திருப்பின் அது முதுமை. ஒரு கிழமைக்குள் பாதியாய் விழுந்தாலும், மூன்று விளக்குக் காட்டியது சட்டென ஒன்றாய்த் தாழ்ந்தாலும் அது நோய்.

விலக்கியதைக் குத்தியோ, அமுக்கியோ பார்த்தல் கூடாது. வீட்டுக்கு வெளியே, கிடுகு வேலிக்கும் ஓலைக்குந் தொலைவில், உலர்ந்த மணலிட்ட சட்டியில் நிழலில் வைத்தல் நன்று. குப்பையைக் கூட்டி எரிப்பது நம்மவர் வழக்கம். அதனுள் இது கலந்தால் வெடிக்கும். தீப்பற்றினால் புகை நச்சுடையது, விலகி நிற்க. எட்டி நின்று ஊற்ற இயலுமாயின் மிகுதியான தண்ணீர் அதனைத் தணிக்கும்.

புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். ஊருக்கு வரும்போது தாம் பயன்படுத்தி ஓய்ந்ததைப் பிள்ளைகளுக்கு அன்பளிப்பாய்க் கொணர வேண்டா. புதியதாயினும், அனுமதியின்றிக் கொண்டுசெல்லத்தக்க எல்லை பொதுவாக 100 வாற்று மணி. 20000 எனப் பொறித்தது 74 வாற்று மணியாதலின் அதற்குள் அடங்கும். அதனைக் கைப்பையில் மட்டுமே கொணர்தல் வேண்டும், பெரும்பொதியில் இடலாகாது.

எம் வீட்டுக் கருவி ஒரு மாதம் மணற்சட்டியிற் கிடந்து, மின்னணுக் கழிவு சேகரிப்போரிடஞ் சென்றது. மருமகன் இப்போது புதிதொன்று வைத்திருக்கிறான். அதன் முதுகில் "ஒன்றரை" என்றெழுதிய தாள் ஒட்டியிருக்கின்றது. இரவில் அது சீமெந்துத் திண்ணையிற் கிடக்கின்றது.