சீனி இல்லாத தேநீர்

புணே - நாசிக் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் சாகண். வெங்காயச் சந்தையால் பெயர்பெற்ற இவ்வூர் இன்று மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளால் அறியப்படுகிறது. அத்தொழிற்சாலைகளை நம்பித் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் உண்டு. உடன்குடியிலிருந்து வந்த அத்தகைய குடும்பம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். தந்தை இரவும் பகலும் மாறிமாறிப் பணி செய்பவர். மகள் ஏழாம் வகுப்பு மாணவி.

2025ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஒவ்வொரு பள்ளியிலும் 'சர்க்கரைப் பலகை' அமைத்தல் வேண்டும் என்பது அதன் செய்தி. முன்னர்ப் பெரியவர்களிடம் மட்டுமே பெரிதும் காணப்பட்ட இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இப்போது சிறுவர்களிடமும் காணப்படுவதை அச்சுற்றறிக்கை சுட்டியது. 11 முதல் 18 வயதுடையோர் நாள்தோறும் பெறும் ஆற்றலில் 15 விழுக்காடு சர்க்கரையிலிருந்தே கிடைக்கிறது; பரிந்துரைக்கப்பட்ட அளவோ 5 விழுக்காடு. 4 முதல் 10 வயதுடைய சிறுவர்களுக்கு அது 13 விழுக்காடு.

பள்ளிச் சுவரில் இவ்வெண்களைக் கண்ட மாணவி அவற்றைத் தேக்கரண்டிக் கணக்காக மாற்றிப் பார்த்தாள். ஒரு நாளைக்கு 2000 கலோரி என்று கொண்டால், 5 விழுக்காடு என்பது 100 கலோரி. ஒரு கிராம் சர்க்கரை 4 கலோரி தரும். ஆகவே 25 கிராம். ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி. அன்று அவள் உட்கொண்டது என்ன? பானத்தூளும் சீனியும் கலந்த பாலில் நான்கு தேக்கரண்டி, பிஸ்கட்டுகளில் மூன்று, மாலைத் தேநீரில் இரண்டு. நண்பர்களோடு பருகிய 300 மில்லி லிட்டர் குளிர்பானத்தில் மட்டும் எட்டு. ஆகப் பதினேழு தேக்கரண்டி. கூட்டலில் பிழை இருக்கும் என்று மும்முறை கூட்டினாள். பிழை இல்லை.

அதே மாதத்தில் தந்தையின் தொழிற்சாலையில் மருத்துவச் சோதனை நடைபெற்றது. அவருடைய இரத்தத்தில் சர்க்கரை அளவு கூடியிருந்தது. நோய் என்று சொல்லும் எல்லையை அது இன்னும் எட்டவில்லை. அதற்கு முந்தைய படியில் நின்றது. உணவை மாற்றிக்கொண்டு, நாள்தோறும் நடந்து, மூன்று மாதங்களுக்குப் பின் மீண்டும் வருமாறு மருத்துவர் கூறினார்.

வீட்டில் அன்றே சீனி நிறுத்தப்பட்டது. ஊரிலிருந்த ஆச்சி செய்தி கேட்டவுடன் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி அனுப்பிவைத்தார்.

இவ்விடத்தில் சீனியும் கருப்பட்டியும் உருவாகும் முறையை அறிதல் நன்று. ஆலையில் கரும்பைப் பிழிந்து, சாற்றில் சுண்ணாம்பு சேர்த்துச் சூடாக்கி, கந்தகப் புகையால் வெளுத்து, வற்றக் காய்ச்சிப் படிகமாக்குவர். பின்னர் வேகமாகச் சுழலும் எந்திரத்தில் இட்டு, படிகத்தைச் சூழ்ந்துள்ள கரும்பழுப்புப் பாகைப் பிரித்தெடுப்பர். எஞ்சுவது வெள்ளைச் சீனி. சாற்றைத் திறந்த கொப்பரையில் காய்ச்சி, நுரையை நீக்கி, பாகோடு சேர்த்தே இறுக விட்டால் அது வெல்லம். 2014இல் புவிசார் குறியீடு பெற்ற கோலாப்பூர் வெல்லம் இவ்வகையைச் சேர்ந்தது. கருப்பட்டிக்கு மூலம் பனை. பனம்பாளையைச் சீவி, அதன் நுனியில் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவர். சுண்ணாம்பு இல்லையேல் சாறு புளித்துக் கள்ளாகிவிடும். கலயத்தில் இறங்கும் பதநீரைக் காய்ச்சிச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவைப்பர். அரைவட்ட வடிவம் அதனால் வருவதே. பெயர்பெற்ற உடன்குடிக் கருப்பட்டியும் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. (கடைகளில் கருப்பட்டி என்னும் பெயரில் சீனிப்பாகு கலந்த கட்டிகளும் விற்கப்படுவதால் வாங்குவோர் விழிப்பாக இருத்தல் வேண்டும்.)

மூன்று மாதங்கள் கழிந்தன. மறுசோதனையில் எண் சிறிதும் இறங்கவில்லை. மருத்துவர் உணவுப் பட்டியலைக் கேட்டார். தந்தை கருப்பட்டியைப் பெருமையோடு குறிப்பிட்டார். "நாளைக்கு எத்தனை குவளை?" என்று வினவினார் மருத்துவர். "இரவுப் பணி என்றால் ஆறு" என்றார் தந்தை. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் சிறிதளவு தாதுக்கள் இருப்பினும், அவற்றின் பெரும்பகுதி சர்க்கரையே என்று மருத்துவர் விளக்கினார். தேனும் பழச்சாறும்கூட உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கில் குறைத்துக்கொள்ள வேண்டியவையே. முழுப் பழத்தை அந்நிறுவனம் அக்கணக்கில் சேர்ப்பதில்லை. பழத்தின் நார்ச்சத்து சர்க்கரையை மெல்ல மெல்லவே இரத்தத்தில் சேரவிடும். மென்று தின்பதால் வயிறும் நிறையும்.

அன்று இரவு மாணவி ஆச்சியோடு தொலைபேசியில் பேசினாள்.

"ஆச்சி, கருப்பட்டியும் சர்க்கரைதானாம். மருத்துவர் சொன்னாராம்."

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. "உன் தாத்தா ஏறி இறக்கிய பதநீரில் வளர்ந்தவன் உன் அப்பன். அதையா கெடுதல் என்கிறார்?"

"கெடுதல் என்று சொல்லவில்லை, ஆச்சி. அளவைத்தான் கேட்டார். அப்பா நாளைக்கு ஆறு குவளை குடிக்கிறார்கள்."

"ஆறா!" ஆச்சியின் குரல் மாறியது. "உன் தாத்தா விடியுமுன் ஒரு குவளை குடித்துவிட்டுப் போவார்கள். உச்சிவேளைக்குள் எத்தனை பனை ஏறி இறங்குவார்கள் தெரியுமா? எங்களுக்குத் தின்பண்டம் என்றால் பனங்கிழங்கும் அவித்த பயறும்தான். இனிப்பு, திருநாளுக்கு."

ஆச்சி கூறியதில் ஒரு வழி புலப்பட்டது. சீனிக்கு மாற்றாக இன்னோர் இனிப்பைத் தேடுவதை அவர்கள் விட்டார்கள். இனிப்பு இருந்த வேளையில் வேறு உணவை வைக்கத் தொடங்கினார்கள்.

தொடக்கம் எளிதாக இல்லை. சர்க்கரை சேர்க்காத கேழ்வரகுக் கஞ்சியை மாணவி இரண்டு நாள்களில் மறுத்துவிட்டாள். பெட்டியில் அடைத்த மாதுளைச் சாற்றை நல்லது என எண்ணி வாங்கிய தாய், உறையைப் படித்தபின் திருப்பிக் கொடுத்தார். உறையில் உள்ள உட்பொருள்கள் எடை மிகுந்தது முதலாகக் குறைந்தது ஈறாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். சர்க்கரை அங்கே தன் பெயரிலேயே வரும் என்று எதிர்பார்க்கலாகாது. குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப் என மாற்றுப் பெயர்களிலும் வரும்.

தேநீரில்தான் அவர்கள் பொறுமையைக் கற்றனர். இரண்டு தேக்கரண்டி முதல் வாரத்தில் ஒன்றரை ஆயிற்று, பின்னர் ஒன்று, பின்னர் அரை. ஐந்தாம் வாரத்தில் இஞ்சியும் ஏலமும் மட்டும் இருந்தன. தொழிற்சாலை வாயிலில் உள்ள தேநீர்க் கடையில், 'சாகர் நகோ' என்று மராத்தியில் சொல்லத் தந்தை பழகிக்கொண்டார். சர்க்கரை வேண்டா என்பது அதன் பொருள். முதல் நாள் கடைக்காரர் நம்பாமல் அவரை ஏற இறங்கப் பார்த்தாராம்.

நண்பகல் உணவுப் பெட்டியில் பிஸ்கட் இருந்த இடத்திற்கு வறுத்த நிலக்கடலையும், தேங்காய்ப்பூ தூவிய கொண்டைக்கடலைச் சுண்டலும் வந்தன. குளிர்பானத்தின் இடத்தை 'தாக்' எனப்படும் மோர் பெற்றது. சாகண் சந்தையில் கொய்யாவும் 'போர்' எனப்படும் இலந்தையும் காலத்திற்கேற்பக் கிடைத்தன. இதே புணே மாவட்டத்துப் புரந்தர் அத்திப்பழமும் வந்தது. 2016இல் புவிசார் குறியீடு பெற்றது அது. மாணவி மிகவும் விரும்பியது அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை. பெயரில் சர்க்கரை இருப்பதால் முதலில் அதைத் தொட அவள் அஞ்சினாள் என்பது தனிக்கதை. மராத்தியர் அதை 'ரதாளே' என்பர்; நோன்பு நாள்களில் விரும்பி உண்பர். இரண்டு மாதங்களுக்குப் பின், பிறந்தநாள் விழா ஒன்றில் பழைய குளிர்பானத்தைப் பருகியவளுக்கு அது தெவிட்டியது. குவளையைப் பாதியில் வைத்தாள்.

சனவரி வந்தது. பொங்கலும் மகர சங்கராந்தியும் சேர்ந்து வரும் காலம் அது. பக்கத்து வீட்டுப் பாட்டி 'திள்கூள்' என்னும் எள்ளுருண்டை கொண்டுவந்தார். எள்ளையும் வெல்லத்தையும் கொடுத்து, இனிமையாகப் பேசுமாறு வேண்டுவது மராத்தியர் வழக்கம். மாணவி இரு கைகளாலும் அதனைப் பெற்று ஓர் உருண்டையை உண்டாள். மற்றவற்றைப் பகிர்ந்தளித்தாள். தாய் வழக்கத்தில் பாதி வெல்லமிட்டுச் சர்க்கரைப் பொங்கல் சமைத்தார். ஊரிலிருந்து ஆச்சி அனுப்பிய பொதியில் இம்முறை கருப்பட்டி ஒரே ஒரு சிரட்டை அளவே இருந்தது, மற்றதெல்லாம் பனங்கிழங்கு. "அளந்துதான் அனுப்பியிருக்கிறேன் என்று உன் மருத்துவரிடம் சொல்" என்றார் ஆச்சி.

பொங்கலுக்கு மறுவாரம் தந்தை மீண்டும் இரத்தம் கொடுக்கச் சென்றார்.

சொல் அறிவோம்

வெள்ளைச் சர்க்கரையைத் தென்மாவட்டங்களில் 'சீனி' என்பர். கொங்கு நாட்டில் 'அஸ்கா' என்றும் வழங்குவர். அது ஒடிசாவில் பழைய சர்க்கரை ஆலை இருந்த ஊரின் பெயர். 'அக்காரம்' என்பது வெல்லத்தைக் குறிக்கும் பழஞ்சொல். 'அக்காரவடிசில்' என்னும் உணவின் பெயரில் அது இன்றும் வாழ்கிறது. கரும்பைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்னும் செய்தி புறநானூற்றில் உள்ளது.

கலயம் - சிறு மண்பானை
சிரட்டை - தேங்காய் ஓடு
தெவிட்டுதல் - மிகுசுவையால் வெறுப்புத் தோன்றுதல்

பயிற்சி

1. கருப்பட்டிக்கு மாறிய பின்னும் தந்தையின் சோதனை எண் இறங்காமைக்குக் காரணம் யாது?
2. "ஆறா!" என்று ஆச்சி வியந்தது ஏன்? அவர்தம் சொற்களைக் கொண்டே விளக்குக.
3. உங்கள் வீட்டிலுள்ள ஏதேனும் ஓர் உணவுப் பொட்டலத்தின் உறையைப் படித்து, சர்க்கரை எந்தெந்தப் பெயர்களில் வந்துள்ளது என எழுதுக. 25 கிராமில் அது எத்தனை பங்கு?
4. உங்கள் பாட்டி அல்லது தாத்தா சிறுவயதில் உண்ட தின்பண்டங்களைக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக. அவற்றுள் எவை நீங்கள் வாழும் ஊரிலும் கிடைக்கின்றன? மராத்தியில் அவற்றின் பெயர் என்ன?