பனிமூட்டத்தில் ஸ்கூட்டர் ஓடலாமா?

தை மாத விடியலில் வன்னி வீதிகளைப் பனிமூட்டம் மூடியிருக்கும். அந்த நேரத்தில்தான் நாம் கத்தரிக்காய் மூட்டையுடன் சந்தைக்குப் புறப்படுகிறோம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்கூட்டர் ஒரு செக்கனில் 11 மீற்றர் ஓடிவிடும். கண்டு, பிரேக் பிடித்து நிற்க 20 மீற்றருக்கு மேல் வேண்டும். சுமையும் ஈர வீதியும் அதை இன்னும் கூட்டும். 15 மீற்றர்தான் தெரிகிறதென்றால், படுத்திருக்கும் மாட்டிலோ பின்விளக்கில்லாத உழவு இயந்திரத்திலோ மோதித்தான் நிற்போம். தூர வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணையே கூசவைக்கும். தாழ்ந்த வெளிச்சமே நல்லது. நாம் 20க்குக் குறைக்கலாம். பின்னால் வரும் லொறிக்காரர் குறைப்பாரா? வெயில் ஏறப் பனி கலையும். பிந்தினால் கிலோவுக்குச் சில ரூபாய் குறையும், உண்மைதான். ஆனால் இடம்பெயர்ந்து, ஒரே உழைப்பாளியை நம்பியிருக்கும் வீடுகள் நம்மிடையே அநேகம். வியாபாரியிடம் முதல்நாளே விலை பேசிவைத்தால் அந்த நட்டமும் குறையும்.