விளம்பரமும் கேட்போரும்

1952 ஆம் ஆண்டின் இறுதியிலே, கொழும்பிலிருந்து இயங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பிலே ஹிந்தி நிகழ்ச்சியொன்று ஆரம்பமாயிற்று. 'பினாக்கா கீத்மாலா' என்பது அதன் பெயர். பினாக்கா என்பது ஒரு பற்பசை. அதனைச் செய்து விற்ற சீபா கம்பனியார் பணங் கொடுக்க, அமீன் சயானி என்னும் இளைஞர் பம்பாயிலே பதிவுசெய்து அனுப்ப, அந்நிகழ்ச்சி கொழும்பிலிருந்து சிற்றலை வழியாக இந்தியாவெங்கும் கேட்டது. அகில இந்திய வானொலி திரைப்படப் பாடல்களை ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. ஆதலின் புதன்கிழமை இரவுகளிலே மக்கள் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்து கேட்டனர். தாம் விரும்பிய பாடல் எதுவெனக் கடிதமும் எழுதினர். கடிதங்கள் ஆயிரக்கணக்கிலே குவிந்தன. தம் நிகழ்ச்சியை யார் கேட்கின்றனர், எவ்வூரிலிருந்து கேட்கின்றனர், எதனை விரும்புகின்றனர் என்பவற்றைப் பற்பசை விற்றோர் அக்கடிதங்களாலே அறிந்தனர்.

இதனை நாம் முதற்கண் கூறுவது பழம்பெருமை பேசுவதற்கன்று. சமூக வலைத்தளங்களையுங் கணினி நுட்பத்தையுங் கொண்டு இக்காலத்து வணிக நிறுவனங்கள் செய்யும் விளம்பரம் முற்றிலும் புதியதொரு பொருளென மாணவர் எண்ணுதல் இயல்பே. ஆயின் அதன் உறுப்புக்களிற் பெரும்பாலானவை பினாக்காவிலேயே அமைந்துகிடக்கின்றன. மக்கள் விரும்பும் ஒன்றை இலவசமாகக் கொடுத்தல், அதனோடு பொருளின் பெயரை ஒட்டிவிடுதல், கேட்போரைப் பேசவைத்தல் என்னும் மூன்றும் அங்கே உள. வேறுபாடு ஒன்றே, அதுவே பெரிது. அன்று கேட்பவர் தாமே விரும்பி எழுதியதை விற்பவர் படித்தார். இன்று நாம் எழுதாததையும் அவர் படிக்கின்றார்.

பினாக்காவின் நேர்வழித்தோன்றல் எனத்தக்க ஒன்றை இந்தியாவிலேயே காணலாம். பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களின் பல கிராமங்களிலே 2013 ஆம் ஆண்டளவில் மின்சாரம் ஒழுங்காக வரவில்லை. ஆதலின் அக்காலத்திலே தொலைக்காட்சி விளம்பரம் அங்கே எளிதிற் செல்லவில்லை. கைத்தொலைபேசியோ பலரிடம் இருந்தது. இதனைக் கண்ட இந்துஸ்தான் யூனிலீவர் கம்பனியார் 2013 ஆம் ஆண்டளவிலே 'கான் கஜூரா தேசன்' என்னும் சேவையைத் தொடங்கினர். கான் கஜூரா என்பது காதினுட் புகுவதாக மக்கள் கூறும் பூரானின் பெயர். ஒருவர் குறித்த இலக்கத்துக்கு அழைத்து, மறுமுனையில் எடுப்பதற்கு முன்னரே வைத்துவிட்டாற் போதும். அவருக்கு ஒரு சதமேனுஞ் செலவில்லை. சிறிது நேரத்தில் அழைப்புத் திரும்பி வரும். பாட்டும் நகைச்சுவையும் கேட்கலாம். இடையிடையே சவர்க்காரத்துக்கும் பற்பசைக்கும் விளம்பரம். சாதாரண தொலைபேசியே வானொலியாயிற்று. காசில்லாதவர் 'மிஸ்ட் கோல்' கொடுக்கும் வழக்கம் முன்னரே இருந்ததன்றோ? மக்களிடம் ஏலவே உள்ள வழக்கத்தைக் கண்டு அதன்மேல் ஏறிச்செல்வதே படைப்பாற்றல் என நாம் கருதுகின்றோம். வெறும் வேடிக்கைப் படங்களை அப்பெயராற் கூறுவது பொருந்தாது.

எம் நாட்டிலும் இத்தகைய உதாரணம் ஒன்றுண்டு. 2014 ஆம் ஆண்டிலே, டெங்கு பரவியிருந்த காலத்தில், 'மவ்பிம' என்னும் சிங்கள நாளிதழார் லியோ பேர்னற் விளம்பர நிறுவனத்தாரோடு சேர்ந்து, அச்சு மையிலே நுளம்பை விரட்டும் சித்திரனெல்லாச் சாற்றைக் கலந்து பத்திரிகையை வெளியிட்டனர். நுளம்பு கடிக்கும் காலையிலும் மாலையிலும் பத்திரிகை கையிலிருந்தால் அதுவே காப்பு. கணினி எதுவும் இன்றிச் செய்த இவ்வேலையை உலகெங்கும் வலைத்தளங்கள் பேசின. விளம்பரஞ் செய்தவர் செய்தியாகவும் ஆனார்.

விரைவும் ஒரு பலம். 2013 பெப்ரவரி 3 ஆந் திகதி, அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் நடந்த பெருங் காற்பந்தாட்ட இறுதிப் போட்டியின்போது மைதானத்தின் ஒரு பகுதியில் மின்சாரம் நின்று, ஆட்டம் 34 நிமிடம் தடைப்பட்டது. அந்நேரத்திலேயே ஓரியோ பிஸ்கற் கம்பனியார், இருட்டிலும் பிஸ்கற்றைப் பாலில் தோய்த்துண்ணலாம் என்னுங் கருத்தமைந்த ஒரு படத்தை ருவிற்றரில் இட்டனர். அதே போட்டியின் இடையே பெரும்பணங் கொடுத்துக் காட்டிய விளம்பரங்கள் பல மறந்துபோக, இது நினைவில் நின்றது. இதன்பின் ஒவ்வொரு கம்பனியும் ஊரில் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் சிலேடை சொல்லப் புறப்பட்டமை வேறு கதை. அவற்றுட் பல சலிப்பையே தருவன.

நிற்க. இனிக் கணினியின் பங்கைக் காண்போம். 2021 ஆம் ஆண்டுத் தீபாவளிக்குக் கட்பெரி நிறுவனத்தார் நடிகர் ஷாருக் கானைக் கொண்டு ஒரு விளம்பரம் எடுத்தனர். அவருடைய முகத்தையும் குரலையும் இயந்திரக் கற்றல் நுட்பத்தாற் பலவாறு ஆக்கி, பார்ப்பவர் வாழும் பகுதியிலுள்ள சிறு கடைகளின் பெயரை அவரே கூறுவதுபோற் செய்தனர். கொள்ளை நோயால் நலிந்த கடைக்காரருக்கு அது பேருதவி, நாமும் மெச்சினோம். ஆயினும் இங்கே மாணவர் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: பார்ப்பவர் எங்கே வாழ்கின்றார் என்பது விளம்பரத்துக்கு எவ்வாறு தெரிந்தது?

இம்மலரிலே விளம்பரந் தந்துதவும் கடைக்காரர், இதனைப் படிப்பவர் யாரென அறியார். பழைய மாணவரும் ஆசிரியரும் படிப்பர் என்ற அளவிலே திருப்தியடைவர். முகநூலில் அவ்வாறன்று. யாழ்ப்பாணத்துப் புடைவைக் கடைக்காரர் ஒருவர், ரொறன்ரோ நகரில் வாழும், தமிழ் வாசிக்கும், 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடைப்பட்ட பெண்களுக்கு மாத்திரம் தம் சேலைப் படத்தைக் காட்டுமாறு கேட்கலாம். இரு படங்களைக் கொடுத்து, எதனைப் பலர் தொடுகின்றனர் எனப் பார்த்து மற்றையதை நீக்கலாம். தம் வாடிக்கையாளரின் பட்டியலைக் கொடுத்தால், அவரை ஒத்த வேறு ஆட்களை இயந்திரமே தேடிக் கொடுக்கும். நாம் ஒரு பக்கத்தைத் திறந்தவுடன், அதிலுள்ள விளம்பர இடத்துக்குக் கண்ணிமைப்பொழுதில் ஏலம் நடக்கின்றது. கூடிய விலை கூறியவரே வெல்வார் என்பதுமில்லை. நாம் அவ்விளம்பரத்தைத் தொடுவோமா என்பதையும் இயந்திரம் மதிப்பிட்டே முடிவு செய்யும். முழுப்பக்கப் பத்திரிகை விளம்பரத்துக்கு வழியில்லாத சிறு வணிகருக்கு இது நல்வாய்ப்பென்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அம்மதிப்பீடு எதனால் ஆகின்றது? எந்தப் படத்தில் நாம் சற்றுத் தங்கினோம், எந்தக் கடையின் தளத்திற் பொருளைப் பார்த்து வாங்காது மீண்டோம், எவ்வூரில் நின்றோம் என்பவற்றால் ஆகின்றது. பினாக்காவுக்குக் கடிதம் எழுதியவர் முத்திரை ஒட்டித் தபாற்பெட்டியில் இட்டார். தாம் எழுதியது இன்னதென அவருக்குத் தெரியும். இக்காலத்துக் கடிதத்தை எழுதுபவர் அதனை அறியார். அது வணிகத்தோடு நிற்பதுமில்லை. பேஸ்புக்கிலிருந்து 8 கோடியே 70 இலட்சம் பேர்வரையிலானோரின் விபரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிற்றிக்கா என்னும் அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கலாம் என்பது 2018 இல் வெளியாயிற்று. மறு ஆண்டு அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு அக்கம்பனிக்கு 500 கோடி டொலர் தண்டம் விதித்தது.

கேட்போரிடம் அனுமதி கேட்டால் என்னவாகும் என்பதற்கும் சான்றுண்டு. 2021 இல் அப்பிள் கம்பனியார், தம் கைத்தொலைபேசியிலுள்ள செயலி ஒவ்வொன்றும், பிற கம்பனிகளின் செயலிகளிலும் தளங்களிலும் உரியவரைப் பின்தொடர்வதற்கு முன் அவரிடம் அனுமதி கேட்கவேண்டும் என விதித்தனர். பலர் மறுத்தனர். இம்மாற்றத்தால் 2022 ஆம் ஆண்டில் ஏறக்குறைய ஆயிரங்கோடி டொலர் வருமானம் குறையுமெனப் பேஸ்புக்கின் தாய்க்கம்பனியாகிய மெற்றா கூறிற்று. கேளாமற் பெற்றதன் விலை அவ்வளவு. இலங்கைப் பாராளுமன்றமும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது; விளம்பரச் செய்தி அனுப்புதற்கு உரியவரின் சம்மதம் வேண்டும் என்னும் ஏற்பாடு அதில் உண்டு.

இன்னொரு வகையையுஞ் சுருக்கமாகக் குறிப்பிடல் வேண்டும். வலைத்தளங்களிலே பலர் பின்தொடரும் ஒருவர், தாம் உண்பதையும் உடுப்பதையும் நண்பரைப்போற் காட்டுவார். அதற்குக் கம்பனி பணங் கொடுத்திருக்கும். அவ்வாறாயின் விளம்பரம் என்றே குறிக்கவேண்டுமென இந்திய விளம்பர நெறிமுறை அவையினர் 2021 இல் விதி வகுத்தனர். அமீன் சயானி பற்பசையின் பெயரைச் சொல்லியே நிகழ்ச்சியைத் தொடங்கினார் என்பதை இங்கே ஒப்பிட்டுக் காண்க.

வணிகம் பயிலும் மாணவர் ஒரு பயிற்சியை இன்றே செய்து பார்க்கலாம். முகநூலில் ஒரு விளம்பரத்தின் மேன்மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், இவ்விளம்பரம் உமக்கு ஏன் காட்டப்படுகின்றது என்னும் விளக்கம் வரும். வயது, ஊர், மொழி, விருப்பம் என்பவற்றுட் சில அங்கே கூறப்பட்டிருக்கும். ஒரு வாரத்துக்கு நாள்தோறும் பத்து விளம்பரங்களின் காரணத்தை ஒரு கொப்பியிற் குறித்துவருக. அவற்றுள் நாமாகக் கூறியவை எவை, நாம் எங்கும் எழுதாதவை எவை என இரு நிரல்களாகப் பிரித்து எண்ணிப் பார்க்க.