பொய்ப்பல் முடியுமுன் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்

பற்களை இழந்தால் உதடுகள் உள்வாங்கும்; கன்னம் ஒட்டிப்போகும். பொய்ப்பல் அந்தத் தோற்றத்தை ஓரளவு மீட்டுத் தரும். ஆனால் பல் மருத்துவருக்கு அழகாகத் தெரிவது உங்களுக்கும் அப்படியே தெரியும் என்று சொல்ல முடியாது. சிங்கப்பூரில் நடத்தப்பட்டு 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சீனரின் பக்கவாட்டு முகத்தோற்றத்தைப் பல் மருத்துவர்கள், பல் மருத்துவ மாணவர்கள், பொதுமக்கள் ஆகியோர் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தது.

கருத்தை அளப்பது எப்படி?

100 மில்லிமீட்டர் கோடு ஒன்று வரைவார்கள். ஒரு முனை ‘சிறிதும் பிடிக்கவில்லை’; மறுமுனை ‘மிகவும் பிடித்திருக்கிறது’. பார்ப்பவர் தமக்குத் தோன்றும் இடத்தில் குறியிடுவார். குறி 70ஆவது மில்லிமீட்டரில் இருந்தால் மதிப்பெண் 70.

நீங்கள் செய்ய வேண்டியவை

• காத்தோங்கிலோ வேறு வட்டாரத்திலோ பல் மருந்தகத்திற்குச் செல்லும்போது, பற்கள் தெரியச் சிரிக்கும் பழைய புகைப்படம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.
• பொய்ப்பல் முடியுமுன், பற்களை மெழுகில் பொருத்தி வாயில் வைத்துக் காட்டுவார்கள். கண்ணாடியில் பாருங்கள், பேசுங்கள், சிரியுங்கள். அந்தக் கோட்டில் எங்கே குறியிடுவீர்கள்?
• உடன் வந்தவரையும் கேளுங்கள்.
• நிறமோ நீளமோ பிடிக்கவில்லை என்றால், தயங்காமல் அப்போதே சொல்லுங்கள். மெழுகில் மாற்றுவது எளிது. முடிந்த பிறகு கடினம்.

சாஸ், மெர்டேக்கா அல்லது முன்னோடித் தலைமுறை அட்டை இருந்தால், மானியம் பற்றி மருந்தகத்தில் கேளுங்கள்.